ஒருவர் பெயரில் இன்னொருவர்

புத்தளம் நகரிலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய பாதையில், வில்பத்துக் காட்டின் தென் எல்லையை அடுத்து, கலா ஓயாவின் அருகே அமைந்துள்ளது எலுவன்குளம். மாரி காலத்தில் ஆறு பெருகினால் சப்பாத்துப் பாலத்தின் மேலாக நீர் பாயும், போக்குவரத்து நின்றுவிடும். ஆறு களப்பைச் சேரும் இடத்தில் கண்டல் மரங்கள் அடர்ந்திருக்கும். பயிர் செய்வோரும் மீன் பிடிப்போரும் வாழும் இத்தகைய ஊரில் ஒருவரை இன்னார் என்று அறிவதற்கு அட்டை எதுவும் வேண்டியதில்லை. இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன், வலை காயவைக்கும் இடத்துக்கு அப்பால் குடியிருப்பவன் என்றால் போதும். கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு கடன் கொடுப்பதும் அந்த அறிமுகத்தை நம்பியே.

அதே மனிதர் வண்ணாத்திவில்லுக்கோ புத்தளம் நகருக்கோ சென்று வங்கியின் கருமபீடத்துக்கு முன்னால் நின்றவுடன், ஊரார் அறிந்த விவரங்கள் யாவும் பயனற்றுப் போகின்றன. அங்கே அவர் ஓர் இலக்கம், ஒரு கையொப்பம், ஒரு நிழற்படம். அவற்றை வைத்திருப்பவர் எவரோ அவரே அந்த மனிதர் என்று வங்கி கொள்கிறது. வங்கியைக் குறைகூற இடமில்லை. இலட்சக்கணக்கானோரின் பணத்தைக் காக்கும் நிறுவனம் எல்லோருடைய முகத்தையும் குலத்தையும் அறிந்திருத்தல் இயலாது. ஆயினும் அறிமுகத்தின் இடத்தை ஆவணம் பிடித்துக்கொண்ட அந்த நாளிலேயே, ஆவணத்தைக் களவாடினால் ஆளையே களவாடலாம் என்னும் வழியும் திறந்துவிட்டது. ஒருவரின் அடையாளத்தை மற்றொருவர் கவர்ந்து அவர் பெயரில் பணம் பெறுவதும், அதனைத் தடுப்பதற்கென அரசுகள் வகுத்த நிதி விதிகளும், குடிமக்களையும் வங்கிகளையும் எவ்வாறு பாதித்துள்ளன என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

ஆள்மாறாட்டம் புதிதன்று. தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் தேவர் நால்வர் நளனுடைய உருவத்திலேயே வந்து அமர்ந்த கதையைத் தமிழர் நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளனர். கண் இமைப்பதையும், பாதம் நிலத்தில் தோய்வதையும், மாலை வாடுவதையும் கண்டு தமயந்தி மெய்யான நளனைத் தெரிந்துகொண்டாள். வங்கி எழுதுவினைஞருக்கு அத்தகைய கண்ணும் இல்லை. அத்தனை நேரமும் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்கிறது.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் இயற்றப்பட்டது. ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவதை அது தனிக் குற்றமாக வகுத்தது. தான் அல்லாத வேறொருவனாக நடித்து ஏமாற்றுதலே அக்குற்றம். நடிக்கப்பட்ட ஆள் உண்மையில் உள்ளவனாயினும் கற்பனையானவனாயினும் குற்றம் குற்றமே என்றும் அச்சட்டம் தெளிவுபடுத்தியது. அக்காலத்தில் இதைச் செய்ய விரும்பியவன் நேரில் வரவேண்டும். குரலையும் நடையையும் மாற்றவேண்டும். பிடிபடும் அச்சத்தோடு நிற்கவேண்டும். இன்று அவன் வேறொரு நாட்டில் அமர்ந்தபடியே இதனைச் செய்ய முடிகிறது. சட்டத்தின் சொற்கள் பழையனவாயினும், களவின் கருவிகள் மாறிவிட்டன.

கருவி மாறியதைவிட முக்கியமான வேறொரு மாற்றமும் உண்டு. அது பெரும்பாலோர் கவனத்துக்கு வருவதில்லை. நட்டம் யாரைச் சேர்கிறது என்பதே அது.

காசோலைக் காலத்தில் இந்தக் கேள்விக்குச் சட்டம் தெளிவான விடை வைத்திருந்தது. இலங்கையின் 1927 ஆம் ஆண்டு 25 ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம், 1882 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றி எழுந்தது. பொய்யாக இடப்பட்ட கையொப்பத்துக்கு எவ்விதச் செயற்பாடும் இல்லை என்பது அதன் விதி. அதாவது, வாடிக்கையாளருடைய கையொப்பத்தைப் போலப் பிறன் ஒருவன் போட்டுக் கொடுத்த காசோலைக்கு வங்கி பணம் செலுத்தினால், வங்கி தன்னுடைய பணத்தையே செலுத்தியதாகும். வாடிக்கையாளர் கணக்கில் அதனைக் கழிக்க வங்கிக்கு உரிமை இல்லை. கையொப்பம் எவ்வளவு திறமையாகப் போடப்பட்டது, எழுதுவினைஞர் எவ்வளவு கூர்ந்து பார்த்தார் என்பனவெல்லாம் கேள்வியே அல்ல. வாடிக்கையாளர் கட்டளையிடவில்லை, ஆகவே அவர் பணம் அசையவில்லை. எளிமையும் நேர்மையும் கொண்ட விதி இது. இந்த விதி இருந்தமையாலேயே வங்கிகள் கையொப்ப மாதிரி அட்டைகளைப் பேணின. ஐயம் தோன்றினால் வாடிக்கையாளரை அழைத்துக் கேட்டன. நட்டம் தன்னைச் சேரும் என்று அறிந்தவனே காவலை இறுக்குவான்.

வாடிக்கையாளருக்கும் கடமை இல்லாமலில்லை. இலண்டனில் ஒரு வணிக நிறுவனத்தின் எழுதுவினைஞன் இரண்டு பவுணுக்கான காசோலை ஒன்றை எழுதி, தொகையை எழுத்தால் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, இரண்டு என்னும் இலக்கத்தின் இருபுறமும் இடைவெளி வைத்து, பங்காளர் ஒருவரிடம் கையொப்பம் வாங்கினான். பின்னர் அந்த இடைவெளிகளில் ஒன்றையும் பூச்சியத்தையும் சேர்த்து அதனை நூற்றிருபது பவுணாக்கிப் பணத்தோடு மறைந்தான். அவ்வழக்கில் 1918 இல் பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பு, நட்டம் நிறுவனத்தையே சேரும் என்பது. காசோலை எழுதுபவர் மோசடிக்கு இடம் வையாது எழுதக் கடமைப்பட்டவர் என்றது மன்றம். 1933 ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் உள்ள மற்றொரு வழக்கில், மனைவி தன் கையொப்பத்தைப் பொய்யாக இட்டு வந்ததை அறிந்தும் கணவர் வங்கிக்குச் சொல்லாமல் மாதக்கணக்கில் மௌனம் காத்தார். பின்னர் அவர் வங்கிமீது தொடுத்த வழக்குத் தோற்றது. அறிந்தவுடன் அறிவிக்க வேண்டும் என்பது அதனால் நிலைபெற்ற கடமை. இவ்விரு கடமைகளும் வாடிக்கையாளரின் கைக்கு எட்டியவை. இடைவெளி விடாமல் எழுதுதல், தெரிந்ததை மறைக்காமல் சொல்லுதல் என்னும் இரண்டும் படிப்பறிவு குறைந்தவருக்கும் ஒருவாறு இயல்வனவே.

இனி அடையாள அட்டையைப் பார்ப்போம். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் இலங்கையில் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டு வருகின்றன. பழைய அட்டையின் இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் குறிக்கும். பெண்ணாயின் அத்துடன் ஐந்நூறு கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் இலக்கம் பன்னிரண்டு எண்களைக் கொண்டது. பிறந்த ஆண்டு நான்கு எண்களாலும் எழுதப்படுகிறது. ஆகவே இலக்கத்தை அறிந்தவன் பிறந்த நாளையும் பாலையும் அறிந்துகொள்கிறான். தொலைபேசியில் வங்கி தன் வாடிக்கையாளரை இனங்காணக் கேட்கும் கேள்விகளுள் பிறந்த திகதியும் ஒன்று என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதிவுக்கு வசதியாக அமைத்த இலக்கம், இரகசியத்துக்கு ஏற்றதாக அமையவில்லை.

அந்த இலக்கமோ எங்கும் பரவிக் கிடக்கிறது. தொலைபேசி இணைப்புப் பெறுவதற்கு அட்டையின் பிரதி வேண்டும். தவணை முறையில் பொருள் வாங்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டு வேலை முகவரிடம் கொடுக்க வேண்டும். மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் செல்லும் பெண் ஒருவர் புறப்படுவதற்கு முன் தன் அட்டையின் பிரதியை எத்தனை பேரிடம் கொடுத்திருப்பார் என்று அவரைக் கேட்டால், எண்ணிச் சொல்ல மாட்டார். பிரதி எடுக்கும் கடையில் சரியாகப் படியாத தாள்கள் கசக்கிப் போடப்பட்டுக் கிடப்பதைக் காணாதவர் யார்?

இவ்வாறு கவரப்பட்ட அடையாளத்தால் விளையும் தீங்கு கணக்கில் இருந்த பணம் போவதோடு முடிவதில்லை. பணம் இல்லாதவர் பெயரிலும் கடன் பெறலாம். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்துக்கு, கடன் வழங்கும் நிறுவனங்கள் தம் கடனாளிகளின் விவரங்களை அனுப்புகின்றன. கடன் கேட்டு வருபவர் பழைய கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்பதை வங்கி அங்கிருந்தே அறிகிறது. பிறன் ஒருவன் தன் பெயரில் வாங்கிக் கட்டாது விட்ட கடனைப் பற்றி உரியவர் அறிய வருவது, பெரும்பாலும் தாமே கடன் கேட்டுச் செல்லும் நாளில்தான். படகுக்கு இயந்திரம் வாங்க விண்ணப்பித்த ஒருவருக்கு, நீர் ஏற்கெனவே கடனைக் கட்டாதவர் என்று பதில் வந்தால் அவர் என்ன செய்வார்? கடன் வாங்கியதை நிறுவ ஓர் ஒப்பந்தம் போதும். வாங்காததை நிறுவ எந்த ஆவணத்தைக் காட்டுவது? தாம் அவரல்லர் என்று மெய்ப்பிக்கும் பாரம், குற்றம் செய்யாதவர் தலையில் ஏறுகிறது. அமெரிக்காவில் ஈக்குவிபக்ஸ் என்னும் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து 2017 இல் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. காவல் செய்யவேண்டிய களஞ்சியத்திலிருந்தே நெல் போனது போன்ற கதை அது.

காசோலையின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்தபின், முன்னர் கூறிய பழைய விதி மெல்லமெல்ல வலுவிழந்தது. இன்று மோசடிக்காரன் கையொப்பத்தைப் போலி செய்வதில்லை. உரியவரையே கையொப்பமிட வைக்கிறான். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்கிறான். அல்லது வெளிநாட்டிலிருந்து பொதி வந்திருக்கிறது, தீர்வை கட்டவேண்டும் என்கிறான். அல்லது பரிசு விழுந்திருக்கிறது என்கிறான். குறுஞ்செய்தியில் வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்டுப் பெறுகிறான். சற்று நேரத்தில் கணக்கு வெறுமையாகிறது. முறையிடச் சென்றால், இலக்கத்தை நீரே கொடுத்தீர், ஆகவே கட்டளை உம்முடையதே என்று சொல்லப்படுகிறது. பொய்க் கையொப்பத்துக்குச் செயற்பாடு இல்லை என்றிருந்த நீதி, ஆறு எண்கள் கொண்ட குறுஞ்செய்திக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறது. இடைவெளி விடாமல் எழுதும் கடமையையும், இந்த ஏமாற்றை இனங்காணும் கடமையையும் ஒரே தராசில் நிறுத்தல் நியாயமாகாது. முன்னது வழக்கத்தால் கைவருவது. பின்னது, தொழிலாகவே பொய் சொல்வோரைத் தனியாக எதிர்கொண்டு வெல்வது. வங்கித் தொழிலை நன்கறிந்தோரும் இதில் ஏமாந்துள்ளனர்.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாண்டன என்பது கவனிக்கத்தக்கது. இந்திய றிசேவ் வங்கி 2017 யூலை மாதத்தில் வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாது இடையில் நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டமே இல்லை என்றது. அவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததாயினும், அவர் அறிவித்த கணத்துக்குப் பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்றது. வாடிக்கையாளர் பொறுப்பாளி என்பதை நிறுவும் கடமையையும் வங்கியின் மீதே வைத்தது. ஐக்கிய இராச்சியம் இன்னும் ஒரு படி முன்சென்றது. 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்க்கும் 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்கவேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதனைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளவேண்டும். பெற்ற வங்கியையும் இதில் இழுத்தது அறிவுடைய செயல். மோசடிக்காரனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தது அந்த வங்கியே அன்றோ! மிக மோசமான கவனக்குறைவு காட்டியவர்க்கு இந்தச் சலுகை இல்லை. எனினும் முதியோர், நோயாளர் போன்ற நலிந்தோருக்கு அந்த விலக்கும் பொருந்தாது.

இலங்கையிலும் சட்டங்களுக்குக் குறைவில்லை. கொடுப்பனவுச் சாதன மோசடிகள் பற்றி 2006 இலும் கணினிக் குற்றங்கள் பற்றி 2007 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. நிதியியல் நுகர்வோர் பாதுகாப்புக்கான ஒழுங்குவிதிகளை மத்திய வங்கி 2023 இல் வெளியிட்டது. குற்றவாளியைத் தண்டிக்கும் சட்டம் நட்டப்பட்டவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதில்லை என்பதே குறை. இரகசிய இலக்கத்தை ஏமாந்து கொடுத்தவரின் நட்டத்தை வங்கிகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று, பிரித்தானியாவில் உள்ளது போன்ற நேரடியான கட்டளை ஒன்று இங்கும் வேண்டும்.

வங்கிகளின் பக்கத்தையும் நோக்குவது முறையே. அவை இன்று இரு நெருக்குதல்களுக்கு நடுவே நிற்கின்றன. ஒன்று கள்வன், மற்றது ஒழுங்குவிதி. 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணந் தூயதாக்கலைத் தடுத்தல் சட்டமும், அதே ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டமும் வங்கித் தொழிலின் போக்கையே மாற்றின. வாடிக்கையாளர் யார் என்பதை வங்கி தேடி அறிந்துகொள்ள வேண்டும். பொய்ப் பெயரில் கணக்கு வைத்திருக்க இடமளித்தலாகாது. பத்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல்வாங்கல்களை நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். ஐயத்துக்குரியவற்றைத் தொகை எதுவாயினும் அறிவிக்க வேண்டும். அறிவித்ததை வாடிக்கையாளருக்குச் சொல்லலாகாது. இலக்கத்தால் மட்டும் அறியப்படும் கணக்கையும் அச்சட்டம் தடைசெய்கிறது. கணக்குக்கு உடையவரோ இலக்கத்தால் மட்டுமே அறியப்படுகிறார் என்பது வேறு விடயம்!

விதியை மீறிய வங்கிகளுக்கு உளவறிதல் பிரிவு தண்டப்பணம் விதித்து, அதனைப் பகிரங்கப்படுத்துகிறது. நாட்டுக்கும் தண்டனை உண்டு. பரிசு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நிதியியல் நடவடிக்கைச் செயலணி 2017 இல் இலங்கையைக் குறைபாடுள்ள நாடுகளின் பட்டியலில் சேர்த்தது; 2019 ஒக்டோபரில்தான் அதிலிருந்து நீக்கியது. அப்பட்டியலில் உள்ள நாட்டு வங்கிகளோடு கொடுக்கல்வாங்கல் செய்ய அயல்நாட்டு வங்கிகள் தயங்கும்; செலவு ஏறும். ஆகவே ஒவ்வொரு கிளையிலும் அதிகாரிகள் படிவங்களை நிரப்பவும், பழைய கணக்குகளைத் தோண்டித் துருவி விவரம் கேட்கவும் தலைப்பட்டனர். அதற்கான பயிற்சியும் கணினிக் கருவிகளும் செலவில்லாது கிடைப்பன அல்ல. இறுதியில் அச்செலவைக் கட்டுபவர் யார் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

விதியின் கடுமை எல்லோர் மேலும் ஒரே அளவாக விழுவதில்லை. ஆவணங்கள் குறைவில்லாது வைத்திருப்பவருக்கு அது ஒரு மணி நேர அலைச்சல். ஆவணம் குறைந்தவருக்கு அது கதவடைப்பு. இந்தக் கரையோரத்தில் அத்தகையோர் பலர். 1990 ஒக்டோபரின் இறுதி நாள்களில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் இருந்தோருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரமே. வெளியேறியோர் ஏறத்தாழ 75,000 பேர்; அவர்களுள் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். உடுத்த துணியோடு வந்தவர்க்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? காணி உறுதி ஏது? வங்கிப் புத்தகம் ஏது? தான் யார் என்பதற்குத் தன் வாய்ச்சொல்லன்றி வேறு சான்று இல்லாத நிலையில் ஒரு தலைமுறை இங்கே வாழ்க்கையை மறுபடி தொடங்கியது. அவர்கள் பிரதிகளைத் தேடி அலுவலகங்களில் நின்ற காலம் சிறிதன்று.

ஆவணம் உள்ளவர்க்கும் பெயரின் எழுத்து ஒரு தொல்லை. முகம்மது என்னும் ஒரே பெயர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படுகிறது! பிறப்புப் பதிவாளர் ஒரு விதமாகவும், பாடசாலையில் இன்னொரு விதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் எழுதியிருப்பர். தமிழில் சொன்ன பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது மேலும் ஓர் உருவம் பிறக்கும். தந்தையின் பெயரும் பாட்டனின் பெயரும் முதலெழுத்துகளாகச் சுருங்கி முன்னும் பின்னும் மாறும். கத்தோலிக்க மீனவக் குடும்பங்களில் பர்னாந்து என்னும் பெயரைத் தாங்கியோர் எத்தனையோ பேர். பாடசாலையில் பயிலும் பிள்ளைகளின் அடையாள அட்டை விண்ணப்பங்களை அதிபர் சான்றுப்படுத்துகிறார். ஏனையோருடையதைக் கிராம உத்தியோகத்தர் சான்றுப்படுத்துகிறார். அந்த ஒரு நாளில் ஓர் எழுத்தில் நேரும் பிழை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மனைவி இறந்த கணவரின் வைப்புப் பணத்தைக் கேட்டுச் செல்லும்போது எழுந்து நிற்கும்.

2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் உதவிப் பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்கிறது. இடைத்தரகர் இல்லாமையால் இது நன்மையே. ஆனால் அதுவரை வங்கிப் படியேறாதிருந்த மிக ஏழைகளும் கணக்குத் திறக்கவேண்டியவராயினர். எழுத்து ஒத்துவராவிட்டால் உதவியும் தாமதமாயிற்று. கணக்கு வந்தவுடன் அவர்களைத் தேடி மோசடிக்காரரின் அழைப்புகளும் வருதல் இயல்பே.

எழுத்துப் பிழை பற்றிப் பேசுகையில் 2016 பெப்ரவரியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாமல் இருக்க முடியாது. வங்காளதேச மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்த கள்வர், அவ்வங்கியே கட்டளையிடுவது போல நியூயோர்க்கிலுள்ள சமஷ்டி ஒதுக்க வங்கிக்குச் செய்திகளை அனுப்பினர். தனிமனிதரின் பெயரையன்றி ஒரு நாட்டு வங்கியின் பெயரையே கவர்ந்த ஆள்மாறாட்டம் அது. கேட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி அமெரிக்க டொலர். பெரும்பகுதி தடுக்கப்பட்டது, எனினும் 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கும், 2 கோடி டொலர் இலங்கைக்கும் சென்றன. இலங்கைக்கு வந்த தொகை இங்குள்ள ஒரு தொண்டு அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அப்பெயரில் வரும் ஆங்கிலச் சொல்லில் எழுத்துப் பிழை இருந்தது. இடையிலிருந்த ஜேர்மனிய வங்கி அதைக் கண்டு விளக்கம் கேட்டது. இலங்கை வங்கிக்கும் தொகையின் பெருமையால் ஐயம் தோன்றியது. பணம் தப்பியது. மணிலாவிலோ, முந்திய ஆண்டிலேயே பொய்ப் பெயர்களிலும் பொய் ஆவணங்களிலும் திறந்து வைக்கப்பட்ட கணக்குகள் காத்திருந்தன. அங்கு சேர்ந்த பணத்தில் மிகுதி சூதாட்ட விடுதிகள் வழியாக மறைந்தது. அந்த வங்கிக்குப் பிலிப்பைன்ஸ் மத்திய வங்கி விதித்த தண்டம் 100 கோடி பெசோ.

இதில் ஒரு முரண் உண்டு. ஓர் எழுத்துப் பிழைக்காகக் கைம்பெண்ணின் வைப்புப் பணத்தை மறிக்கும் அதே விழிப்பே, 2 கோடி டொலரைக் காத்தது. ஆகவே எழுத்தைப் பார்ப்பதே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. மணிலாவில் கணக்குத் திறந்தவர்களிடம் ஆவணங்கள் இருந்தன. எல்லாம் ஒழுங்காகவே தோன்றின. பொய்யன் தன் தாள்களைப் பிழையின்றித் தயாரித்துக்கொண்டு வருகிறான். மெய்யானவர் கிழிந்த தாளோடும் மாறிய எழுத்தோடும் வருகிறார். தாளை மட்டும் பார்க்கும் அதிகாரி பொய்யனை உள்ளே விட்டு மெய்யானவரைத் திருப்பி அனுப்புவார். செயலணியின் பரிந்துரைகளே, ஆபத்தின் அளவுக்கு ஏற்பச் சோதனையின் அளவையும் கூட்டவும் குறைக்கவும் இடமளிக்கின்றன. மாதம் சில ஆயிரம் ரூபா வந்துபோகும் கணக்குக்கு, கிராம உத்தியோகத்தரின் சான்றும் ஊரவர் இருவரின் சாட்சியும் போதும் என்று வைத்தால் நாட்டின் நிதி ஒழுங்கு குலைந்துவிடாது. தண்டப்பண அச்சத்தால் கிளை அதிகாரி அந்தத் தளர்வைப் பயன்படுத்தத் துணிவதில்லை. அவரைக் காக்கும் எழுத்து மூலமான கட்டளையை மத்திய வங்கியே வழங்கவேண்டும்.

மோசடிப் பணம் எங்கோ ஒரு கணக்கில் இறங்கியே ஆகவேண்டும். அதற்காகக் கணக்குகளை வாடகைக்குத் தேடுவோர் உளர். 2024 இல் நீர்கொழும்பிலும் வேறு இடங்களிலும் இணைய மோசடி நிலையங்கள் சுற்றிவளைக்கப்பட்டு, வெளிநாட்டவர் பலர் கைதாயினர். புத்தளம் மாவட்டத்தின் தெற்கு எல்லைக்கு நீர்கொழும்பு தொலைவில் இல்லை. வேலையற்ற இளைஞன் ஒருவனிடம், உன் பெயரில் கணக்குத் திறந்து அட்டையை எங்களிடம் தா, மாதந்தோறும் பணம் தருகிறோம் என்று சொல்லப்படுகிறது. தன் பெயரை வாடகைக்கு விடுவதில் என்ன தீங்கு என்று அவன் எண்ணுகிறான். வேறொருவருடைய வாழ்நாட் சேமிப்பு அந்தக் கணக்கு வழியாகச் சென்று மறையும்போது, பொலிசார் தேடி வருவது அவனைத்தான். பின்னின்றவனின் பெயரை அவன் அறியான். உயர்தர வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குக் கடைசி வாரத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடங்களுள் இது முதன்மையானது.

இழப்பு நேர்ந்தவர் செய்யத்தக்கவை சில உள. வங்கிக்கு அக்கணமே அறிவித்து, அறிவித்த நேரத்தையும் பேசியவர் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். முதற்கண் எழுத்தில் முறையிட வேண்டியது வங்கியிடமே. அங்கு நீதி கிடையாதவிடத்து, 2020 இல் மத்திய வங்கியில் அமைக்கப்பட்ட நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்னும் தொலைபேசி இலக்கத்தில் நாடலாம். கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து ஒருவர் தம்மைப் பற்றிய அறிக்கையைத் தாமே பெறமுடியும். வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் அதை ஒருமுறை பெற்றுப் பார்த்தல் நன்று. அடையாள அட்டைப் பிரதியைக் கொடுக்கும்போது, இன்ன தேவைக்கு மட்டும் என்று திகதியோடு குறுக்கே எழுதிக் கொடுப்பது செலவில்லாத காவல். பிரதி கேட்பவரிடம் அது எதற்கு என்று கேட்பதும் மரியாதைக் குறைவாகாது.

ஒருவருடைய விவரங்களைச் சேர்த்து வைத்திருப்போர் அவற்றைக் காக்கக் கடமைப்பட்டவர் என்னும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. 2025 மார்ச்சில் செயற்பட வேண்டியிருந்த அதன் முக்கியப் பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. சட்டம் காத்திருக்கும், விவரங்கள் காத்திருப்பதில்லை.

இதற்கிடையில், இந்தியாவின் உதவியோடு எண்முறை அடையாளத் திட்டம் ஒன்றுக்கு 2022 மார்ச்சில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. முகமும் கைவிரல் ரேகையும் கண்ணும் பதிவு செய்யப்படும் முறை அது. ஆள்மாறாட்டத்தை அது அரிதாக்கும் என்பதில் ஐயமில்லை. இரகசிய இலக்கம் களவுபோனால் வேறு இலக்கம் பெறலாம். பதிவிலிருந்து விரல் ரேகை களவுபோனால் வேறு விரல் முளைக்காது. ஆகவே அந்தப் பதிவு எங்கே இருக்கும், யார் திறப்பர், திறந்ததற்குக் கணக்கு யார் வைப்பர் என்பனவற்றை மக்கள் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். புத்தளத்து உப்பளங்களில் உழைப்போர் கையையும், களப்பில் ஆண்டுக்கணக்காக வலைக்கயிறு இழுத்தோர் கையையும் பார்த்தவர் அறிவர், அவற்றில் ரேகைகள் தேய்ந்திருக்கும். இந்தியாவில் ஆதார் முறையில் கூலித் தொழிலாளர் பலருடைய விரல்களைப் பொறி ஏற்க மறுத்தது. அத்தகையோர் வங்கிக்கு வரும் நாளில் பொறி மறுத்தால் வேறு எந்த வழியால் அவர்களை இன்னார் என்று ஏற்பது என்பது, பொறிகளை வாங்குவதற்கு முன்னரே விதியில் எழுதப்பட வேண்டும்.